சங்கீதம் 131: மனதை அடக்குகிற வழியாக இதைப் படிக்கலாமா?

கேள்வி: கோரையாற்றுக் கடைமடை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு ஊர் முத்துப்பேட்டைக்குக் கொஞ்சம் வடக்கே. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் பிரிகிற கோரையாறு, வழியெல்லாம் கொடுத்தது போக மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற இடம். பன்னிரண்டு மா நிலம். பரம்பரையாக லுத்தரன் சபை.

என் நிலத்துக்கு மேலே, அதே வாய்க்காலில், பெரியப்பா மகனுக்கு நிலம். முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறோம். என் முறை ராத்திரியில் விழுந்தால் அவர் பக்கத்து மடை எப்படியோ திறந்துகொள்ளும். விடிந்து போய்ப் பார்த்தால் அவர் வயலில் தண்ணீர் வரப்பைத் தொட்டு நிற்கும், என் வயலில் நேற்றைய வெடிப்பு அப்படியே இருக்கும். கேட்டால் "நண்டு வளை போட்டிருக்கும் தம்பி" என்பார். சிரிக்காமல் சொல்வார். அதுதான் தாங்கவில்லை.

வாய்க்கால் விவகாரத்தை இங்கே தீர்த்து வையுங்கள் என்று வரவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை, அதற்காக வந்தேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்களை எல்லாம் ராத்திரி முழுக்க எனக்குள் சொல்லிக்கொண்டு கிடக்கிறேன். அது ஓய்ந்தால் போனை எடுக்கிறேன். மேட்டூரில் 120 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது, கர்நாடகத்துக் கிருஷ்ணராஜசாகர் அணையில் எவ்வளவு, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது. கர்நாடகம் வருஷத்துக்கு நமக்கு விடவேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி தண்ணீரைப் பற்றி எங்கள் வாட்ஸாப் குழுவில் ராத்திரி ஒரு மணிக்கும் சண்டை நடக்கும். நானும் விடாமல் பதில் போடுவேன்.

இந்தச் சமயத்தில் யூடியூபில் ஒரு பேச்சு கேட்டேன். 131-ஆம் சங்கீதம் உள்ளத்தை ஆளப் பழகுகிறவனுக்கு எழுதின பாடம் என்றார். முதல் படி இருதயம், அடுத்து கண், அடுத்து கை வைக்கிற காரியங்கள், கடைசியில் ஆத்துமா. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஒவ்வொரு படிக்கும் மூச்சைப் பிடித்து நிறுத்தி, இப்படி ஏறிப் போகவேண்டுமாம். எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், கேட்டேன். "சங்கீதம் ஜெபம், ஆசனப் புத்தகம் இல்லை" என்று முடித்துவிட்டார்.

சங்கீதம் மொத்தமே மூன்று வசனம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததை அப்படியே தருகிறேன்.

"கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல, என் கண்கள் மேட்டிமையுள்ளவைகளுமல்ல, பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை.

தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன். என் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப்போல் என்னிலிருக்கிறது.

இதுமுதல் என்றென்றைக்கும் இஸ்ரவேல் கர்த்தரை நம்பியிருப்பதாக."

நான் கேட்பது இரண்டு. இதை ஒரு பழக்கமாக, தினம் செய்கிற வழியாக எடுத்துக்கொள்ளலாமா? நான் சொல்லிப் பார்த்தால் முதல் வசனத்திலேயே நின்றுவிடுகிறேன். இருதயத்தில் இறுமாப்பு இல்லையாம், ராத்திரி ஒரு மணிக்கு அண்ணனை நூறு விதமாகத் தோற்கடித்துக்கொண்டு இருக்கிறவன் அதை எந்த வாயால் சொல்வது? இன்னொன்று, பெரிய காரியத்தில் தலையிடாதே என்றால் கடைமடைக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவது?


பதில்: ஜெபவீரன் திருவாரூர்

பிரதர், உங்கள் ஐயர் சொன்னதே சரி. 1706-ல் மிஷனரி சீகன்பால்க் கப்பலேறி வந்து தரங்கம்பாடியில் இறங்கினது நமக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தரவா? சங்கீதம் 46:10-ஐப் பாருங்கள். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." அமர்ந்திருக்கச் சொல்கிறவர் அவர். நாமே நம்மை அடக்கி ஆளலாம் என்று தொடங்கினால் அதுவும் ஒரு இறுமாப்புதான், முதல் வசனத்துக்கே விரோதம். அந்த வீடியோவை விட்டுவிடுங்கள். அண்ணனுக்காக ஜெபியுங்கள். உபவாசம் இருந்து பாருங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ், நாகை

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வேதபாடம் படித்துப் பட்டம் வாங்கினவள் இல்லை. ஆனால் இந்தச் சங்கீதத்தில் வருகிற ஒரு காரியத்தை என் பணிக்காலம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சைப் பற்றி இந்த மூன்று வசனத்தில் ஒரு எழுத்தும் கிடையாது. நாலு மணிக் கணக்கும் கிடையாது. அதை அந்த வீடியோக்காரரே வைத்துக்கொள்ளட்டும். அதற்காக, இதில் மனுஷன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று ஜெபவீரன் பிரதர் சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். "நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்று பாடினவர் சொல்கிறார். ஏதோ ஒரு வேலை நடந்திருக்கிறது, அதை அவர் செய்திருக்கிறார். என்ன வேலை என்பதுதான் கேள்வி.

முதல் வசனத்தில் தொடங்காதீர்கள். அது வேலை முடிந்த பிறகு வாயில் வருகிற பேச்சு. தொடங்கவேண்டிய இடம் இரண்டாவது வசனம், அந்தக் குழந்தை.

பிரசங்கங்களில் அநேகமாக இந்தக் குழந்தையைத் தவறாகவே காட்டுகிறார்கள். வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு அம்மா மார்பில் தூங்குகிற பிள்ளை என்று. அது பால் குடிக்கிற பிள்ளை. கிடைத்ததால் அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான், அடுத்த பசிக்குக் கத்தும். வசனம் சொல்வது பால்மறந்த பிள்ளையை. அதே மடி, அதே வாசனை, பால் அங்கேயே இருக்கிறது, பிள்ளை முந்தானையை இழுக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்த ரெண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்திருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அந்த இடத்துக்கு ஒரு பிள்ளை எப்படி வந்து சேருகிறது என்று நம்மூர்ப் பெண்களைக் கேளுங்கள். வேப்பெண்ணெய் தடவுவார்கள், கற்றாழைச் சாறு தடவுவார்கள். பிள்ளை வாய் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்து, நம்மை ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், துரோகம் செய்தவளைப் பார்க்கிற மாதிரி! ஆயா வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், அங்கே அது ராத்திரி முழுக்க வீட்டையே எழுப்பும். தாய்க்கும் சுகம் இல்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும், சிலருக்குக் காய்ச்சலே வரும். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றுவதற்கு. பூ விற்கிற அம்மா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், இது தலைக்கு வாங்குகிற பூ இல்லை என்று.

நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது வேறு. திடீரென்று நிறுத்தாதே. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது நிறுத்தாதே. முதலில் சோறு பழக்கு, பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்துக் கொடு. பிறகு பகல் பாலில் ஒரு வேளையைக் குறை. பிள்ளை அதற்குப் பழகட்டும், அடுத்த வேளைக்குப் போ. ராத்திரிப் பாலைக் கடைசியாக விடு, அதுதான் கஷ்டம். அழுதால் தூக்கு. தூக்கினால் பால் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை, சும்மா தூக்கி வைத்திரு.

இப்போது உங்கள் விஷயம். அண்ணனுக்கு மனதுக்குள் பதில் சொல்வது, மேட்டூர் அடியைப் பார்ப்பது, குழுவில் சண்டை, எல்லாம் உங்கள் ஆத்துமா குடிக்கிற பால். கசப்பாக இருந்தால் விட்டிருப்பீர்கள். அதில் ஒரு ருசி இருக்கிறது, இல்லாமல் ஒரு மணி வரைக்கும் ஒருத்தன் முழித்திருப்பானா? எடுத்த எடுப்பில் ராத்திரிச் சண்டையை நிறுத்தப் பார்க்கிறீர்கள், அதனால்தான் முடியவில்லை. பகலில் ஆரம்பியுங்கள். கிருஷ்ணராஜசாகரை முதலில் விடுங்கள். அது நிரம்புகிறதா இல்லையா என்பது நீங்கள் பார்ப்பதால் மாறாது. அது பழகினபின் குழு. அண்ணனோடு நடக்கிற ராத்திரி வழக்கு கடைசியில்.

விடுவதற்கு முன் வேறு ஆகாரம் வேண்டும். 130-ஆம் சங்கீதம் 131-க்கு முன்னால் இருப்பது காரணத்தோடுதான் என்று எனக்குத் தோன்றும். ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறவனின் பாட்டு அது. எப்பொழுது விடியும் என்று காத்திருக்கிற ஜாமக்காரன் அதில் வருகிறான். தூக்கம் வராதவனுக்கு அதைவிடப் பொருத்தமாக யார் எழுதியிருக்கிறார்கள்? அதை முழுக்கச் சொல்லுங்கள், கத்த வேண்டுமானால் கத்திச் சொல்லுங்கள், பிறகு 131-க்கு வாருங்கள்.

இன்னொன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இந்தச் சங்கீதத்தில் தாய் கர்த்தர், பிள்ளை நாம் என்றே எல்லாரும் சொல்வார்கள். நல்ல அர்த்தம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வசனத்தை இன்னொரு தரம் பாருங்கள். பிள்ளை ஆத்துமா. அது இருப்பது "என்னில்". அப்படியானால் பாடுகிறவரே தன் ஆத்துமாவுக்குத் தாய். நீங்கள் கேட்ட மனதை ஆளுகிற விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பால் மறக்கடிக்கிற தாய் மூன்று காரியம் செய்யமாட்டாள். பிள்ளையை அடிக்கமாட்டாள், அழுகிறதே என்று திரும்பப் பால் கொடுக்கமாட்டாள், தொல்லை பொறுக்காமல் இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் போகவும் மாட்டாள். நான் பாவி, நான் உதவாக்கரை என்று தன்னையே வைதுகொள்கிற பக்தர்கள் முதல் ரகம். நீங்கள் போனோடு இரண்டாவது. மூச்சைப் பிடித்து மனதையே இல்லாமல் ஆக்கலாம் என்கிற உங்கள் வீடியோக்காரர் மூன்றாவது.


பதில்: பூண்டி மாதா பிள்ளை

நர்ஸம்மா சொன்னதோடு கத்தோலிக்கத் தரப்பிலிருந்து கொஞ்சம். எங்கள் திருப்புகழ்மாலையில், அதாவது அன்றாடம் வேளைக்கு வேளை சொல்கிற ஜெபப் புத்தகத்தில், நான்கு வாரச் சுழற்சி உண்டு. அதில் மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை மாலைக்கு இந்தப் பாடல் வரும். அதாவது வேலை முடிந்து, வெளிச்சம் இறங்குகிற நேரத்துக்கு. விடிகாலைப் பயிற்சியாக இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

பழக்கமாகச் செய்யலாமா என்ற கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் கசியன் என்ற துறவி, எகிப்து பாலைவனத்துத் தவசிகளிடம் கற்றதை எழுதி வைத்தார். சங்கீதம் 70-ன் முதல் வசனத்தை, தேவனே எனக்கு உதவ விரைந்து வாரும் என்கிற அந்த ஒற்றை வரியை, வேலை செய்யும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் விடாமல் சொல்லச் சொல்கிறார். கோபம் வந்தாலும் அதே வரி, தூக்கம் வராவிட்டாலும் அதே வரி. ஆக, சங்கீதத்தை உள்ளத்துக்கான பழக்கமாக்குவது யூடியூப் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. ஜெபவீரன் சகோதரர் கவனிக்கவேண்டியது, அந்த வரியே உதவி கேட்கிற வரிதான்.

பால் மறப்பது பற்றி இன்னொரு சேதி. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய் தன் மகனிடம், உனக்கு மூன்று ஆண்டு பாலூட்டினேன் என்கிறாள் (7:27). ஆபிரகாம் ஈசாக்கு பால் மறந்த நாளில் பெரிய விருந்து வைத்தார் என்று ஆதியாகமம் 21 சொல்கிறது. ஆகவே இந்தப் பாட்டில் வருவது கைக்குழந்தை இல்லை, ஓடியாடிப் பேசுகிற பிள்ளை.


பதில்: குடந்தை வாசகன்

நான் சைவன். கிறிஸ்தவ நண்பர் ஒருவர் இணைப்பு அனுப்பினதால் வந்தேன். திருச்சி அரண்மனையில் கணக்கு வேலை பார்த்த தாயுமானவர் ஒரு பாட்டில் வரிசையாக அடுக்குவார். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், தண்ணீர்மேல் நடக்கலாம், நெருப்பின்மேல் இருக்கலாம். எல்லாம் சொல்லிவிட்டு, "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று முடிப்பார். இந்த மூன்று வசனத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

எனக்குப் படுகிற ஒரு வித்தியாசம். தாயுமானவர் சித்தர் வேலைகளோடு ஒப்பிட்டு, அதைவிடவும் அரிது என்கிறார். உங்கள் பாடகரோ எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் செய்து முடிக்கிற வேலையை எடுத்துக் காட்டுகிறார். யானை புலியை அடக்குகிற வீரம் அவருக்குத் தேவைப்படவில்லை. எது எளிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நர்ஸம்மா எழுதினதைப் படித்தபின், யானையே தேவலாம் போலிருக்கிறது.


பதில்: கீழ்வேளூர் பேரன்

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். கடைமடை அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை.

எங்கள் தாத்தா பண்ணையாள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று டெல்டாவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, ஒரே குடிசைக்குள் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். நாம் எல்லாரும் கோயிலில் பாட்டுப் பாடுகிற கிறிஸ்துமஸ் ராத்திரி அது.

"பெரிய காரியங்களில் தலையிடுகிறதில்லை" என்ற வசனத்தை எங்கள் தெருவில் வந்து பிரசங்கம் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேட்டிமை வேண்டாம், அடங்கி இரு, உனக்கு மிஞ்சினது என்கிறார்கள். எது மிஞ்சினது என்று முடிவு செய்கிறவன் யார்? சங்கீதத்தின் தலைப்பில் தாவீது பாடினது என்று இருக்கிறது. ராஜா சொன்னால் அது தாழ்மை. வரப்பில் நிற்கிறவனிடம் போய் அதையே சொன்னால் அதற்கு வேறு பேர். உள்ளத்தை ஆளுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டால் மடையை ஆளுகிறவனுக்குக் கொண்டாட்டம்தான்.


பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ், நாகை

கீழ்வேளூர் தம்பி, நீங்கள் சொன்னதை நான் குறைக்கப் போவதில்லை. வெண்மணி நடந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் அந்த வருஷம் மிச்சப் பலகாரத்தை யாரும் தொடவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் வசனத்தைக் கொஞ்சம் பாருங்கள். "நான்" தலையிடுகிறதில்லை. "நீ தலையிடாதே" என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தான் மட்டுமே சொல்லக்கூடிய பேச்சு அது. அதை எடுத்து அடுத்தவன் தலையில் வைக்கிற பிரசங்கி வேறு ஏதோ புத்தகத்தை வாசிக்கிறார். இவ்வளவு வரைக்கும் உங்கள் கட்சிதான் நான்.

"உள்ளத்தை ஆளுகிறவன் உட்கார்ந்துவிடுவான்" என்றீர்களே, அங்கே நான் ஒத்துவரவில்லை. பூண்டித் தம்பி சொன்ன மூன்று வயதுப் பிள்ளையை நினையுங்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கு அழுகை ஒன்றுதான் தெரியும். பால் மறந்த பிள்ளை வாய் திறந்து கேட்கும். சோறு போடு, அவன் என் தட்டை எடுத்துட்டான், எனக்கும் குடு. எந்தத் தாயும் அதை அடங்காப்பிடாரித்தனம் என்று நினைக்கமாட்டாள். வளர்ந்திருக்கிறது என்றுதான் நினைப்பாள். வெண்மணியில் கூலி கேட்டவர்கள் வாய் திறந்து, கணக்குச் சொல்லி, சேர்ந்து நின்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அடங்காத ஆத்துமா யாருடையது? தீ வைத்தவர்களுடையது.

மூன்றாம் வசனத்தை வீடியோக்காரர் விட்டுவிட்டார் போலிருக்கிறது, நீங்களும் பேசவில்லை. தன் ஆத்துமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று இஸ்ரவேல் ஜனம் முழுவதையும் கூப்பிடுகிறார். 120-லிருந்து 134 வரைக்கும் உள்ள பதினைந்து ஆரோகண சங்கீதங்களும் பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப் போகிற ஜனங்களின் பாட்டு என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தன் பாடினதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, காலில் கொப்புளம், வாயில் பாட்டு. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவில் இந்த வசனத்தை வைத்துப் பாருங்கள்.

இனி கடைமடைத் தம்பிக்கு. உங்களுக்கு மிஞ்சினது காவிரி பிறக்கிற குடகில் பெய்கிற மழை. அண்ணனுடைய மடை உங்களுக்கு மிஞ்சினது இல்லை, உங்கள் அளவுக்குள் இருக்கிற காரியம் அது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டதால்தான் மேட்டூருக்குப் பதில் சொல்கிறீர்கள், அண்ணனுக்குச் சொல்லாமல் விடுகிறீர்கள்.


பதில்: ஜெபவீரன் திருவாரூர்

சிஸ்டர், எல்லாம் சரி. எந்தப் பிள்ளையும் தனக்குத்தானே பால் மறக்கடித்துக்கொள்ளாது. இன்னொருவர் செய்யவேண்டும். என் ஆத்துமாவுக்கு நானே தாய் என்றால், அந்தத் தாயைத் தாங்குகிறது யார்? அந்த இடத்தில் கிருபை இல்லாவிட்டால் உங்கள் விளக்கமும் கொஞ்சம் நயமான சுயபெலன்தான்.


பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ், நாகை

நல்ல கேள்வி பிரதர், இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. நான் பார்த்தது ஒன்று. பால் மறக்கடிக்கிற வாரத்தில் தனியாக இருந்த எந்தத் தாயும் தாக்குப்பிடித்ததில்லை. அவளுக்குப் பின்னால் அவள் அம்மாவோ மாமியாரோ அக்காவோ நின்றிருப்பார்கள். அதைத்தான் மூன்றாம் வசனம் என்று நான் படிக்கிறேன். நீங்கள் அதைக் கிருபை என்றால் எனக்குச் சண்டை இல்லை.


பதில்: கோரையாற்றுக் கடைமடை

சிஸ்டரம்மா, கீழ்வேளூர் தம்பி, எல்லாருக்கும் நன்றி. ஐயரிடமும் படித்துக் காட்டினேன். மல்லிகைப் பூ வந்த இடத்தில் "இதை நான் பிரசங்கத்தில் சொல்ல முடியாது" என்றார். என் வீட்டுக்காரி இதில் என்ன புதுசு என்கிற மாதிரி பார்த்தாள்.

கிருஷ்ணராஜசாகரை விட்டாயிற்று, சிரமமே இல்லை. பிலிகுண்டுலு கொஞ்சம் இழுக்கிறது. குழுவை இன்னும் விடவில்லை. ராத்திரி வழக்கு பழையபடி நடக்கிறது, ஆனால் 130-ஐச் சத்தமாகச் சொன்னால் நடுவில் வாதம் மறந்துபோகிறது. அண்ணனை எங்கே விட்டேன் என்று தேடவேண்டியிருக்கிறது.

இரண்டு சந்தேகம். கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கோபத்தில் கொடுக்கிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் 133 வந்துவிடும். "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது." அதை இப்போது படிக்கச் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.


பதில்: கீழ்வேளூர் பேரன்

அண்ணே, கோபத்தோடயே குடுங்க. கோபத்தில் எழுதின மனுவையும் சீல் போட்டுத்தான் வாங்குவாங்க. தேதி, முறை நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றது, எல்லாம் எழுதுங்க. அதே வாய்க்காலில் உங்களுக்குக் கீழே இருக்கிறவர்களிடமும் கையெழுத்து வாங்குங்க. ஒற்றை ஆள் மனு பங்காளித் தகராறுன்னு ஓரமாப் போயிடும்.


பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ், நாகை

தம்பி சொன்னபடியே செய்யுங்கள். மனுவைப் பகலில் எழுதுங்கள், ராத்திரியில் வேண்டாம். எழுதினதை வீட்டுக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அண்ணன் எப்படிப்பட்டவர் என்று வருகிற வரிகளை அவள் அடித்துவிடட்டும். மடை எப்போது திறந்தது என்கிற வரிகள் மட்டும் போதும்.

133 இப்போது வேண்டாம். 130, 131, அங்கேயே நில்லுங்கள். போனைச் சமையலறையில் சார்ஜ் போடுங்கள்.